16 பேர் குழுவுல சிண்டு முடிஞ்ச கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

டெல்டா பக்கம் ஒரு ஊராட்சியில 2023ல நடந்தது இது. ஊர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல. நான் அப்போ அந்த ஒன்றியத்துல மகளிர் குழுக்களுக்கு பயிற்சி குடுக்குற வேலையில இருந்தேன், சமுதாய வளப் பயிற்றுநர்னு சொல்லுவாங்க. இந்த மாதிரி பிரச்சனை வராத குழுவே இல்ல, ஆனா யாரும் எழுதி வைக்கிறதில்ல, "அந்த குழு உடைஞ்சு போச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அதான் ஆரம்பத்துல இருந்து எழுதுறேன், நான் பண்ண தப்பும் சேர்த்து.

பின்னணி

குழு ஆரம்பிச்சது 2014ல. 16 பேர், அதுல மேலத்தெரு 12, கீழத்தெரு 4. இந்த ரெண்டு தெருவுக்கும் நடுவுல இருக்குறது வெறும் ரோடு மட்டும் இல்லன்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அப்படி இருந்தும் ஒரே குழுவா ஒன்பது வருஷம் ஓட்டுனாங்கன்றது பெரிய விஷயம், அந்த ஊராட்சியில வேற எந்த குழுவும் அப்படி கிடையாது. மாசம் 100 ரூபாய் சேமிப்பு. ரெண்டு தடவை பேங்க் லோன் வாங்கி ஒழுங்கா அடைச்சிருந்தாங்க. மூணாவதா 2022 ஜூன்ல ஒரு தேசிய வங்கியில 8 லட்சம் வாங்குனாங்க, ஆளுக்கு 50,000, மூணு வருஷ தவணை, ஒருத்தருக்கு மாசம் 1,650 ரூபாய். ஆடு, தையல் மெஷின், பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ்னு ஆளாளுக்கு ஒரு தேவை.

ஊக்குநர், அதாவது குழுவை முன்ன நின்னு நடத்துறவங்க, ஆரம்பத்துல இருந்தே ஒருத்தங்கதான். நல்ல உழைப்பாளி, பேங்குக்கு அலையறது, ஆபீஸுக்கு போறது எல்லாம் அவங்க தலையில. பிரதிநிதி ரெண்டு பேர் கையெழுத்துக்கு மட்டும். குழுவோட பேங்க் பாஸ்புக்கும் லெட்ஜரும் ஊக்குநர் வீட்டு பீரோவுல.

அடுத்தது, இந்த ஆய்வு யாரை சுத்தி நடக்குதோ அவங்க. இதே குழுவுல ஒருத்தங்க, கிரைண்டர் வச்சு இட்லி மாவு அரைச்சு விக்கிறவங்க, எல்லாரும் மாவுக்கார அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு மணி வரைக்கும் ரெண்டு தெரு பொம்பளைங்களும் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு அங்க வருவாங்க. ஒருத்தர் ஒருத்தரா. இந்த "ஒருத்தர் ஒருத்தரா"தான் முக்கியம்.

பக்கத்துலயே இன்னொரு குழு, அவங்க லோன் வாங்கினது கூட்டுறவு சங்கத்துல. 2021ல அரசாங்கம் கூட்டுறவுல மகளிர் குழுக்கள் வாங்குன கடன் 2,756 கோடியை தள்ளுபடின்னு அறிவிச்சப்போ அவங்களுக்கு ஆச்சு. நம்ம குழு எப்பவுமே தேசிய வங்கியிலதான், அதனால முந்தின லோனை கடைசி ரூபாய் வரைக்கும் கட்டி அடைச்சாங்க. வேலி ஓரம் நின்னு பேசுற பேச்சுல இது ரெண்டு வருஷமா புகைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

என்ன தெரிஞ்சுது: 2023 ஜனவரி முதல் மே வரை

முதல்ல கண்ணுல பட்டது வருகைப் பதிவேடு. எப்பவும் 15, 16 கையெழுத்து இருக்கும், பிப்ரவரியில 12, ஏப்ரல்ல 9. வராதவங்க பணத்தை பக்கத்து வீட்டுப் பிள்ளை கிட்ட குடுத்து விட்டாங்க. மீட்டிங்ல யாரும் சண்டை போடல, அதான் எனக்கு பயமா இருந்துச்சு. பத்து நிமிஷம் சேந்தாப்ல யாரும் பேசாம பாயில கோடு கிழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒன்பது வருஷமா சத்தம் போட்டு சிரிச்ச குழு அது.

ஏப்ரல்ல 4 பேர் தவணை கட்டல. மே மாசம் 7 பேர். பேங்குக்கு தெரியக்கூடாதுன்னு ஊக்குநர் குழு கணக்குல இருந்த 21,000ல இருந்து எடுத்து ரெண்டு மாசத்துக்கு 18,150 ரூபாய் போட்டுட்டாங்க. மிச்சம் 2,850. ஜூன் தவணைக்கு வழி இல்ல. 90 நாள் தாண்டுனா வாராக்கடன்னு எழுதிடுவாங்க, அப்புறம் கட்டுனவங்க கட்டாதவங்கன்னு வித்தியாசம் கிடையாது, 16 பேருக்கும் அடுத்த லோன் இல்ல. கட்டாதவங்க எல்லாரும் வேணும்னே கட்டாம இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது, கோடையில வயல்ல வேலை கிடையாது, நூறு நாள் வேலை சம்பளமும் லேட்டாதான் வந்துச்சு, ஆனா அந்த மாதிரி மாசம் முன்னாடியும் வந்திருக்கு, அப்பெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் கைமாத்து குடுத்து சமாளிச்சிருக்காங்க. இந்த தடவை யாரும் யாரு கிட்டயும் கேக்கல.

மாவுக்கார அக்கா யார் யார் கிட்ட என்ன சொன்னாங்கன்றது எனக்கு முழுசா தெரிஞ்சது ஜூன் கடைசியிலதான், ஆனா புரியணும்னா இங்கயே சொல்லிடணும்.

ஊக்குநர் கிட்ட: "எல்லாரும் உன்ன ஒரு மாதிரி பேசுறாங்கடி, நான்தான் உன்ன விட்டுக்குடுக்காம பேசிட்டு வந்தேன்." யாரு பேசுனான்னு கேட்டா "அத விடு, உனக்கு எதுக்கு மனக்கஷ்டம்."

முதல் பிரதிநிதி கிட்ட: "நீ பேருக்குதான் பிரதிநிதி, பாஸ்புக்க என்னைக்காவது கண்ணால பாத்திருக்கியா?" இது உண்மை, அவங்க பாத்ததே இல்ல.

தவணைக்கு தவிச்சுக்கிட்டு இருந்த மூணு பேர் கிட்ட: "அடுத்த வருஷம் எலக்‌ஷன், எப்படியும் தள்ளுபடி வரும், கட்டுறவதான் ஏமாளி."

கீழத்தெரு நாலு பேர் கிட்ட சொன்னதுதான் மோசம். "உங்க தெருவுக்கு குடுத்தா காசு திரும்ப வராதுன்னு ஊக்குநர் சொல்றா." ஊக்குநர் நிஜமா சொன்னது வேற. லோன் வாங்குறதுக்கு முன்னாடி மாவு வாங்கப் போனப்போ, "கீழத்தெருவுல எல்லாரும் கூலி வேலைதான், வேலை இல்லாத மாசம் தவணை தள்ளிப்போகும், அதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் பணம் கையில வச்சுக்கணும்"னு சொல்லியிருக்காங்க. அக்கறையில சொன்ன வார்த்தை. அதுல இருந்து முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம் வெட்டிட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க.

கவனிச்சீங்கன்னா முழுப் பொய்னு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பாதி உண்மை. ஒவ்வொண்ணும் கேக்குறவங்க மனசுல ஏற்கனவே இருந்த சந்தேகத்தைத் தொட்டு சொன்னது, அதுவும் தனியா, அதனால எதிர்ல இருக்குறவங்க கிட்ட கேட்டு சரிபாக்க யாருக்கும் தோணல.

முதல் முடிவு, அது தப்பாப் போனது

மே மூணாவது வாரம் நான் வீடு வீடா போனேன். நாலு நாள். தனித்தனியா உக்காந்து பேசுனா மனசுல இருக்குறது வெளிய வரும், அப்புறம் சமாதானம் பண்ணிக்கலாம்னு நெனச்சேன், பயிற்சியிலயும் அப்படித்தான் சொல்லிக்குடுத்திருந்தாங்க. ஒரு வீட்ல "எதுக்கும் கணக்கை ஒரு தடவை பாத்துடுவோம்"னு சொன்னேன். இன்னொரு வீட்ல "ஊக்குநரும் கொஞ்சம் எல்லாரையும் கலந்துக்கணும்"னு சொன்னேன்.

ஒரே வாரத்துல அது "ஆபீஸ்ல இருந்து வந்தவங்களே கணக்குல தப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க"ன்னு திரும்பி வந்துச்சு. ஊக்குநர் எனக்கு போன் பண்ணி அழுதாங்க. "நீங்களுமா மேடம்"னு கேட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் இல்ல. மாவுக்கார அக்கா என்ன பண்ணாங்களோ அதே வழியிலதான் நானும் போயிருந்தேன். தனியா உக்காந்து பாதி பேச்சு. என் நோக்கம் நல்லதா இருந்துச்சு, ஆனா ஒரு வீட்ல சொன்ன வார்த்தை அடுத்த வீட்டுக்கு போறப்போ நோக்கமும் கூடவே போறதில்ல.

ரெண்டாவது முடிவு: ஆளை விட்டுட்டு கணக்கைப் பிடிச்சது

ஊராட்சியில இருக்குற எல்லா குழுவும் சேந்ததுதான் ஊராட்சிக் கூட்டமைப்பு, அதோட தலைவி அனுபவசாலி, 20 வருஷமா குழு நடத்துறவங்க. அவங்க சொன்னது: "யாரு மூட்டி விட்டான்னு இப்ப தேடாத. தேடுனா நாமளும் நாலு பேர் கிட்ட கேக்கணும், அந்த நாலும் நாப்பதா ஆகும். மொதல்ல கணக்க எடு." எனக்கு அது சரின்னு பட்டுச்சு.

கூட்டமைப்பு கணக்காளரும் நானும் மூணு நாள் உக்காந்து 14 மாச ரொக்கப் புத்தகம், பொதுப்பேரேடு, தனிநபர் பாஸ்புக் எல்லாத்தையும் ஒத்துப்பாத்தோம். ரொக்கக் கையிருப்புல 1,500 ரூபாய் குறைஞ்சுது. காரணம் தேடுனா, ஊக்குநர் பேங்குக்கு போன ஆட்டோ செலவு ஆறு தடவைக்கு 1,500, ஜெராக்ஸ், பத்திரம் 400, ஆக 1,900 செலவு எழுதவே இல்ல. இன்னொரு பக்கம் ரெண்டு பேர் முன்கூட்டியே குடுத்த சேமிப்பு 400 ரூபாய் வரவு வைக்கல. 1,900ல 400 போக 1,500. யாரும் ஒரு பைசா எடுக்கல, ஆனா எழுதல.

குழு நடத்துறதுக்கு பஞ்ச சூத்திரம்னு சொல்லிக்குடுப்போம்: ஒழுங்கா கூட்டம், ஒழுங்கா சேமிப்பு, உள்கடன் (குழு பணத்துல இருந்தே உறுப்பினருக்கு குடுக்குற கடன்), நேரத்துக்கு திருப்பிக் கட்டுறது, கணக்கு பராமரிப்பு. இந்த பிரச்சனை வர்றதுக்கு முன்னாடி மத்த நாலும் இவங்க கிட்ட நல்லா இருந்துச்சு. அஞ்சாவதுல ஓட்டை. அந்த ஓட்டை வழியாத்தான் பேச்சு உள்ள நுழைஞ்சுது. மாவுக்கார அக்கா மேல எனக்கு இருந்த கோவம் இந்த இடத்துல கொஞ்சம் தடுமாறுச்சு, ஏன்னா பாஸ்புக்கை யாரும் பாக்கலன்னு அவங்க சொன்னது நியாயமான கேள்விதான், கேட்ட இடம்தான் தப்பு.

மூணாவது முடிவு: எல்லாரும் ஒரே பாயில

ஜூன் கடைசி வாரம், அங்கன்வாடி கட்டடத்துல, ராத்திரி ஏழு மணிக்கு கூட்டம். 16 பேரும் வரணும், ஒருத்தர் வரலைன்னாலும் நடத்துறதில்லன்னு சொன்னோம், ரெண்டு தடவை தள்ளிப்போய் மூணாவது தடவைதான் எல்லாரும் வந்தாங்க. வீட்டுக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாது. இன்னொரு கட்டுப்பாடு கூட்டமைப்புத் தலைவி போட்டாங்க: "சொன்னாங்க, பேசிக்கிறாங்கன்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது. நீ கண்ணால பாத்தது, உன் காதால நேரா கேட்டது மட்டும், யார் மேல கேள்வியோ அவங்க மூஞ்சியப் பாத்து கேளு."

முதல்ல கணக்கு. லெட்ஜர்ல இருந்து ஒவ்வொருத்தர் வரவும் சத்தமா படிச்சோம், அவங்கவங்க கையில இருக்குற பாஸ்புக்கோட ஒத்துப்பாத்துக்கிட்டாங்க, படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்கு பக்கத்துல இருந்த பொண்ணு விரல் வச்சு காட்டுச்சு. இதுக்கே ஒன்றரை மணி நேரம். ஊக்குநர் எழுந்து நின்னு "1,900 நான் எழுதாம விட்டது தப்பு"ன்னு சொன்னாங்க, அந்த ஆட்டோ செலவை குழு செலவா ஏத்துக்கலாம்னு தீர்மானம் போட்டாங்க.

அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. கீழத்தெருவுல இருந்து ஒரு அக்கா, அதிகம் பேசாதவங்க, நேரா ஊக்குநரைப் பாத்து கேட்டாங்க: "எங்க தெருவுக்கு குடுத்தா காசு வராதுன்னு சொன்னியாமே. சொன்னியா இல்லியா?"

ஊக்குநர் முகம் வெளுத்துப்போச்சு. தான் என்ன சொன்னோம்னு முழுசா சொன்னாங்க, எங்க வச்சு சொன்னோம்னும் சொன்னாங்க. கூட்டத்துல இருந்த பாதிப் பேரு தலை ஒரே பக்கம் திரும்புச்சு. நாங்க பேரைக் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா "என் கிட்ட இப்படி", "என் கிட்ட வேற மாதிரி"ன்னு எடுத்து வச்சாங்க, நாலு துண்டையும் ஒரே பாயில வச்சுப் பாத்தப்போ எல்லாருக்கும் படம் தெரிஞ்சுது.

தள்ளுபடி விஷயத்துக்கு பேங்க் ஆபீசரை கூப்பிட்டு பேச வைக்கலாம்னு நான் சொன்னேன், கூட்டமைப்புத் தலைவி வேண்டாம்னுட்டாங்க. அவரு வந்து சொன்னா "அவரு பேங்குக்காரரு, அப்படித்தான் சொல்லுவாரு"ன்னு ஆகிடும். பதிலா தவணை கட்டாத ஏழு பேர்ல இருந்தே ரெண்டு பேரை அனுப்புனோம். மேனேஜர் கிட்ட அவங்களே கேட்டுட்டு வந்து சொன்னாங்க: தள்ளுபடி ஆனது கூட்டுறவுக் கடன், இது வேற, இதுக்கு எந்த உத்தரவும் இல்ல, கட்டலைன்னா என்ன ஆகும்னு. அவங்க வாயால வந்தப்போ எடுபட்டுச்சு.

மாவுக்கார அக்காவோட பேசுனது

கூட்டம் முடிஞ்ச ரெண்டாவது நாள் தலைவியும் நானும் போனோம். இந்த தடவை ரெண்டு பேரா. முதல்ல "நான் பொய் எதாவது சொன்னேனா?"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. தலைவி "இல்ல, பொய் சொல்லல, ஆனா அவ சொன்னதையும் முழுசா சொல்லல"ன்னாங்க. அப்புறம்தான் விஷயம் வந்துச்சு.

2019ல பழைய கிரைண்டர் ரிப்பேர் ஆகி, புதுசுக்கு 20,000 உள்கடன் கேட்டிருக்காங்க. ரெண்டு மாச பாக்கி இருந்ததால குடுக்கல. அதே மாசம் ஊக்குநரோட சித்தி பொண்ணுக்கு 15,000 குடுத்திருக்காங்க. தீர்மானப் புத்தகத்தைப் பாத்தோம், குடுத்தது எழுதியிருக்கு, மறுத்ததும் இல்ல, காரணமும் இல்ல. அவங்க வாரவட்டிக்கு வெளிய வாங்கி, வீட்டு வாசல்ல வந்து நின்ன வசூல்காரன் முன்னாடி நாலு பேரு பாக்க அசிங்கப்பட்டிருக்காங்க. "அன்னைக்கு இவங்கள்ல ஒருத்தி வந்து ஏன்னு கேட்டாளா"ன்னு கேட்டாங்க. எங்க கிட்ட பதில் இல்ல.

இதைச் சொல்றதால அவங்க பண்ணது சரின்னு ஆகாது. கீழத்தெரு அக்கா மனசுல போட்ட வார்த்தைக்கும் கிரைண்டருக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, அந்த அக்கா இவங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. அதையும் அவங்க கிட்ட சொன்னோம். பதில் சொல்லல, மாவு அள்ளிக்கிட்டே இருந்தாங்க.

குழுவுல வச்சுக்கிறதா, நீக்குறதா

பாதிப் பேரு நீக்கணும்னாங்க. ஒருத்தங்க "இல்ல, பொறுப்பு குடுப்போம், பிரதிநிதி ஆக்குனா அடங்கிடுவா"ன்னாங்க. ரெண்டுமே எனக்கு ஒப்பல. நீக்குனா அவங்க பேர்ல இன்னும் சுமார் 35,000 கடன் நிக்குது, அதை வசூல் பண்றது ஒரு தனி சண்டை, அதோட சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் அங்கதான் மாவுக்கு போகணும், இந்த தடவை நிஜமான குறையோட ஒருத்தங்க அங்க உக்காந்திருப்பாங்க. பதவி குடுத்தாலோ, மூட்டி விட்டா பதவி கிடைக்கும்னு மத்தவங்க கத்துக்குவாங்க.

கடைசியா முடிவானது: பதவி இல்ல, நீக்கமும் இல்ல. 2019 விஷயத்தை ஜூலை கூட்டத்துல எடுத்து, காரணம் சொல்லாம மறுத்தது தப்புன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதுனாங்க. பாஸ்புக் ஊக்குநர் வீட்ல இல்லாம மூணு மாசத்துக்கு ஒரு வீடுன்னு மாத்துனாங்க. கடன் மறுத்தா காரணத்தோட எழுதணும். பேங்குக்கு போறப்போ பொறுப்புல இல்லாத ஒருத்தர் கூட போகணும்.

அப்புறம் நடந்தது

ஜூன் தவணையை கூட்டமைப்புல இருந்து கைமாத்தா வாங்கி சமாளிச்சாங்க. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஏழு பேர்ல அஞ்சு பேர் பாக்கியைக் கட்டிட்டாங்க. அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12ல திறந்தும் தண்ணி போதாம குறுவை நிறைய இடத்துல கருகிப்போச்சு, கூலி வேலை குறைஞ்சுது, அதனால மிச்சம் ரெண்டு பேருக்கு டிசம்பர் வரைக்கும் ஆச்சு.

செப்டம்பர்ல மறுபடி ஒரு சோதனை. 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வர ஆரம்பிச்சப்போ குழுவுல 4 பேருக்கு வரல. "ஊக்குநர்தான் உன் பேரை எடுத்து விட்டா"ன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு, எங்க இருந்துன்னு நான் கேக்கல. முகாம்ல பதிவு பண்ணது இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள், ஊக்குநருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இந்த தடவை அந்த 4 பேரும் அந்த மாசக் கூட்டத்துலயே ஊக்குநரை நேரா கேட்டாங்க, மறுநாளே நாலு பேரும் இ-சேவை மையத்துக்கு போய் காரணம் பாத்தாங்க. ஒருத்தங்களுக்கு ரேஷன் கார்டுல இருந்த கொழுந்தன் பேர்ல கார் இருந்துச்சு. மத்த மூணு பேரும் 30 நாளுக்குள்ள மேல்முறையீடு போட்டாங்க, ரெண்டு பேருக்கு அப்புறம் வந்துச்சு.

ரெண்டு பேர் குழுவை விட்டுப் போயிட்டாங்க. ஒருத்தங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாருன்னு. இன்னொருத்தங்க கூட்டத்துல நேருக்கு நேர் கேட்ட அந்த கீழத்தெரு அக்கா. ஆகஸ்ட்ல தோட்டை அடகு வச்சு மிச்சக் கடன் 32,000 சொச்சத்தையும் ஒரே தடவையில கட்டிட்டு வந்தாங்க. "அவ அப்படிச் சொல்லலன்னு எனக்கு இப்ப தெரியும். ஆனா அஞ்சு மாசம் அந்த வார்த்தையோட தூங்கி எந்திரிச்சிருக்கேன். அவளப் பாத்தா அதான் ஞாபகம் வருது"ன்னாங்க.

ஊக்குநர் டிசம்பர்ல பொறுப்பை விட்டுட்டாங்க, குழுவுல இருக்காங்க. மிச்சம் 14 பேரும் 2025 ஜூன்ல லோனை கெடு தவறாம அடைச்சாங்க. மாவுக்கார அக்கா தவணை ஒண்ணுகூட பாக்கி வைக்கல.

திரும்ப செய்யணும்னா

வீடு வீடா போக மாட்டேன். வருகை 12க்கு இறங்குன பிப்ரவரியிலயே முழுக் கூட்டத்தைக் கூட்டியிருப்பேன், ஏப்ரல் வரைக்கும் "சரியாகிடும்"னு விட்டது என் பிழை. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆடிட்டை நம்பாம, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லார் பாஸ்புக்கையும் சத்தமா படிக்கிறதை எல்லா குழுவுலயும் இப்ப செய்ய வைக்கிறேன்.

கீழத்தெருவுல இருந்து ஒருத்தரை கையெழுத்துப் போடுற பிரதிநிதியா ஆக்கணும்னு ஒன்பது வருஷத்துல யாருக்கும் தோணல, எனக்கும் தோணல. 2024ல அங்க மிச்சம் இருந்த மூணு பேர்ல ஒருத்தரை ஆக்குனாங்க. அது முன்னாடியே இருந்திருந்தா அந்த வார்த்தையை நம்புறதுக்கு முன்னாடி கேக்குறதுக்கு அவங்க தெருவுலயே ஒரு ஆள் இருந்திருக்கும்.

அப்புறம், விட்டுப் போன அந்த அக்காவைப் போய்ப் பாக்க நான் மூணு மாசம் எடுத்துக்கிட்டேன். நவம்பர்ல போனேன். டீ போட்டுக் குடுத்தாங்க, ஆட்டைப் பத்தி பேசுனாங்க, பையன் பாலிடெக்னிக் சேந்ததைப் பத்தி பேசுனாங்க, குழுவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கிளம்பும்போது பாத்தேன், திண்ணையில புதுசா ஒரு சின்ன கிரைண்டர் இருந்துச்சு, மாவை வீட்லயே அரைச்சுக்கிறாங்க.